இரவல் வாங்கிய பயிற்சிப் படம்: வாசகர் கேள்வி பதில்

வேலூரைச் சேர்ந்தவரும், ராணுவப் பயிற்சி மையங்களில் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவருமான சுபேதார் ஒருவர் இப்பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயிற்சிப் படங்களைப் பற்றியவையாக இருந்ததால், அவற்றையே ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: நான் குடியாத்தம் பகுதியில் பள்ளி ஆசிரியர், என்.சி.சி. அலுவலராகவும் இருக்கிறேன். மேப் ரீடிங் (வரைபடம் படித்தல்) பற்றிய 40 நிமிடப் படம் ஒன்றை பட்டாலியன் அலுவலகத்திலிருந்து இரவலாகப் பெற்று மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வாரப் பரேடில், வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் ஆறு இலக்கக் கிரிட் எண்ணைக் கேட்டபோது இரண்டு பேரைத் தவிர யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குறை படத்திலா, மாணவர்களிடத்திலா?

பதில்: இரண்டிடத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படம் உங்கள் கைக்கு வந்த பிறகு, மாணவர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால், கையில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு தனியாக ஒரு முறை பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால், கிரிட் எண் பற்றிய பகுதி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, அது எவ்வளவு வேகமாகக் கடந்து போகிறது, அங்கே எந்தச் சொல் மாணவர்களுக்குப் புரியாது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கும். 40 நிமிடப் படத்தை ஒரே மூச்சில் ஓட்டியிருக்கவும் மாட்டீர்கள். அசையாமல் பார்த்தார்கள் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். பயிற்றுநர் கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். சினிமாக் கொட்டகையிலும் அசையாமல்தான் பார்க்கிறோம். அடுத்த வாரம் யாரும் வந்து நம்மிடம் கேள்வி கேட்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான புதிய ஆட்களைக் குறைந்த காலத்தில் பயிற்றுவிக்க வேண்டியிருந்ததால், பயிற்சிப் படங்களை ஏராளமாகத் தயாரித்தது. அவை உண்மையில் எவ்வளவு கற்றுக்கொடுத்தன என்று ராணுவத்துக்காக ஆராய்ந்த கார்ல் ஹோவ்லாண்ட், ஆர்தர் லம்ஸ்டெயின், ஃப்ரெட் ஷெஃபீல்ட் ஆகிய மூவரும் தங்கள் முடிவுகளை 1949இல் நூலாக வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று, உங்களுடைய மேப் ரீடிங்தான். படத்துக்கு முன்னால் சிறு முன்னுரையும் படத்துக்குப் பின்னால் மறுபார்வைப் பயிற்சியும் சேர்த்த குழுக்கள், படத்தை மட்டும் பார்த்த குழுக்களைவிடக் கூடுதலாகக் கற்றிருந்தன. வானொலித் தொடர்பில் எழுத்துகளைச் சொல்லப் பயன்படும் ஒலிப்பு எழுத்துமுறையைக் கற்பித்தபோது, திரையைப் பார்த்துக்கொண்டே உரக்கப் பதில் சொல்ல வைக்கப்பட்டவர்கள், வாய் திறக்காமல் பார்த்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். படம் இரு சாராருக்கும் ஒன்றுதான். பார்த்தவர்கள் செய்த வேலைதான் வேறு.

ஆகவே, உங்களிடம் இன்னும் அந்தப் படம் இருந்தால் மறுபடியும் போடுங்கள். ஆனால் முழுவதையும் போட வேண்டாம். கிரிட் எண் வரும் ஏழெட்டு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கும் முன், "முதலில் கிழக்கெண்ணைப் படிக்கிறார்களா, வடக்கெண்ணைப் படிக்கிறார்களா என்று பாருங்கள்" என ஒரே ஒரு வேலையை மாணவர்களிடம் கொடுங்கள். (இடம் எவ்வளவு கிழக்கே என்பதைச் சொல்வது கிழக்கெண், எவ்வளவு வடக்கே என்பதைச் சொல்வது வடக்கெண்.) திரையில் பயிற்றுநர் விடையைச் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்தி, மாணவர்களைச் சொல்ல வையுங்கள். பிறகு கூடத்தின் விளக்கைப் போட்டு, இருவருக்கு ஒரு வரைபடம் கொடுத்து, அதே வேலையை அதே மணி நேரத்துக்குள் கையால் செய்யவிடுங்கள். அடுத்த வாரப் பரேடு வரை காத்திருந்தால் படம் போட்ட பலன் பாதி போய்விடும்.

வரைபடம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இரவல் படத்தில் வரும் வரைபடம் எந்த ஊருடையதோ, அந்த ஊர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 வரைபட வரிசையில் உங்கள் குடியாத்தம் 57 எல்/13 தாளில் இருக்கிறது. வேலூர் 57 பி/1 தாளில் இருக்கிறது. (இந்தப் 'பி' ஆங்கில அகரவரிசையின் பதினாறாம் எழுத்து, இரண்டாம் எழுத்தென்று நினைத்து வேறொரு தாளைத் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) இரண்டு ஊர்களுக்கும் நடுவே 79 பாகை கிழக்குத் தீர்க்கரேகை ஓடுவதால்தான் இவை இரண்டு தாள்களாயின என்று சொல்லிப் பாருங்கள், தாள் எண் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இல்லாமல் போய்விடும். படத்தில் சமஉயரக் கோடுகளைப் பார்த்த மாணவன், தன் ஊர் மலையையும் ஏரிக்கரையையும் அதே கோடுகளில் கண்டுபிடிக்கும்போதுதான் பாடம் அவன் கைக்கு வருகிறது.

கேள்வி: கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நாங்கள் சிலர், ஊர் இளைஞர்களை ஆள்சேர்ப்பு முகாமுக்காக இலவசமாகத் தயார் செய்கிறோம். ராணுவத்தின் பயிற்சிப் படங்களை எங்கே கேட்டு வாங்குவது? பணியில் இருக்கும் பழைய சகா ஒருவர் சிலவற்றைக் கைப்பேசியில் அனுப்புவதாகச் சொல்கிறார்.

பதில்: வீட்டுக்கு ஒருவரையாவது படைக்கு அனுப்பும் ஊர் என்று பெயர் பெற்று, ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வியப்பில்லை. முதலில் சகாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆயுதப் படைகளுக்கான பயிற்சிப் படங்களைத் தயாரிப்பதும், பிறரிடமிருந்து வாங்குவதும், பிரித்து அனுப்புவதும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள ஆயுதப் படைகளின் திரைப்பட, நிழற்படப் பிரிவின் வேலை. அதன் மத்தியப் பாதுகாப்புத் திரைப்பட நூலகம் படைப் பிரிவுகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும்தான் படங்களை வழங்குகிறது. தனி ஆட்களோ ஊர்ச் சங்கங்களோ அதற்கு விண்ணப்பம் போட இயலாது. படத்தின் தொடக்கத்தில் 'கட்டுப்படுத்தப்பட்டது' (Restricted) என்ற சொல் இருந்தால், அதை வெளியே அனுப்புகிறவர் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். 10 நிமிடப் படத்துக்காக ஒருவருடைய ஓய்வூதியத்தை ஆபத்தில் வைக்க வேண்டுமா?

உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் படங்கள் தேவையும் இல்லை. துப்பாக்கியைப் பிரித்துக் கோக்கும் வித்தையை ஆள்சேர்ப்பு முகாமில் யாரும் கேட்பதில்லை, 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தையும், கம்பியில் உடலைத் தூக்குவதையும், ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டுவதையும், எழுத்துத் தேர்வையும்தான் பார்க்கிறார்கள். இவற்றுக்கு வேண்டிய படத்தை நீங்களே எடுக்கலாம். ஒரு பையன் ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் எடுத்து, அன்று மாலையே வேகத்தைக் குறைத்து அவனுக்குக் காட்டுங்கள். குதிகால் முதலில் தரையில் விழுகிறது, தோள் இறுகியிருக்கிறது என்று நாம் பத்து நாள் கத்தியும் ஏறாதது, தன்னையே பார்க்கும்போது அவனுக்கு ஏறிவிடும்.

வெளியிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போடுவதானால் பதிப்புரிமையையும் நினைவில் வையுங்கள். கல்வி நிலையத்தின் செயல்பாடுகளின்போது ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களின் பெற்றோர் ஆகியோருக்கு மட்டும் திரைப்படம் காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஊர்ப் பயிற்சி முகாமைக் கல்வி நிலையம் என்று சொல்லிவிட முடியாதாகையால், உரிமையாளரிடம் எழுத்தில் ஒரு வரி அனுமதி வாங்கிவிடுவது நல்லது. பெரும்பாலும் தந்துவிடுவார்கள், கேட்பதற்குத்தான் நமக்குச் சோம்பல்.

கேள்வி: மதிய உணவுக்குப் பிறகு படம் போட்டால் பயிற்சியாளர்கள் தூங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: காலை ஐந்து மணிக்கு எழுப்பி, பி.டி., பரேடு எல்லாம் முடித்து, வயிறாரச் சாப்பிட வைத்து, பிறகு ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் துணி தொங்கவிட்ட கூடத்தில் வேலூர் வெயிலில் உட்காரவைத்தால் நானும் தூங்குவேன். படத்தைக் காலையில் முதல் வகுப்பாக வையுங்கள். முடியாவிட்டால் மாலையில் பொழுது சாய்ந்த பின் திறந்த வெளியில் காட்டுங்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பிலிம் சுருள் காலத்தில் படத்தை இரவல் வாங்கிக் காட்டுவது எப்படி இருந்தது? இன்றைய தலைமுறைக்குச் சொல்லுங்களேன். (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. அந்தக் காலத்தில் 16 மில்லிமீட்டர் பிலிமில்தான் பயிற்சிப் படங்கள் வரும். நொடிக்கு 24 கட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) ஓடும் ஒலிப்படத்தில், 400 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தகரப் பெட்டிகள் இருக்கும். பல வாரங்களுக்கு முன்பே கேட்பு எழுதி அனுப்ப வேண்டும். அதில் படத்தின் எண், தலைப்பு, காட்டப்போகும் தேதி, அந்தத் தேதி கிடைக்காவிட்டால் மாற்றுத் தேதி, எந்தப் பாடத்துக்கு, எத்தனை பேருக்கு என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். மாற்றுத் தேதி எழுதாத கேட்புத்தாள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி வரும்.

நான் புதிய பயிற்றுநராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மறைந்து நகர்தல் பற்றிய படம் கேட்டிருந்தோம். பெட்டி முதல் நாள் மாலை வந்தது. மேலே ஒட்டியிருந்த தலைப்பு சரியாக இருந்ததால் நான் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் காலை நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, உயரதிகாரி முன்வரிசையில் இருக்க, சுருளை மாட்டி ஓட்டினால், முதலில் வந்தது படத்தின் முடிவுதான், அதுவும் தலைகீழாக. எங்களுக்கு முன்னால் வாங்கியவர்கள் சுருளைத் திரும்பச் சுற்றாமல் அப்படியே மூடி அனுப்பியிருந்தார்கள். அவசரமாகச் சுற்றி மறுபடி ஓட்டியபோது, அது சமையல் கூடச் சுகாதாரம் பற்றிய படம் என்பது தெரிந்தது. பெட்டியும் மாறியிருந்தது. முன்னால் வாங்கியவர்கள் செய்தது பிழைதான். ஆனால் திறந்து பார்க்காதது என் பிழை. அன்று எனக்குக் கிடைத்த வசை இன்னும் காதில் இருக்கிறது. நூறு பேரின் ஒரு மணி நேரம் என்றால் நூறு மணி நேரம் என்று அந்த அதிகாரி கணக்குப் போட்டுச் சொன்னார்.

சுருளை மாட்டுவதே தனிக் கலை. 16 மில்லிமீட்டரில் ஒலி, தனக்குரிய படத்தைவிட 26 கட்டங்கள் முன்னதாகப் பதிந்திருக்கும். கருவிக்குள் பிலிம் வளையத்தைச் சற்று நீளமாகவோ குட்டையாகவோ விட்டுவிட்டால் திரையில் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போகும். ஓரத் துளைகள் கிழிந்த பிலிமை ஓட்டினால் அடுத்து வாங்குபவருக்குப் படமே இருக்காது. அதனால், கிழிந்த இடத்தில் நாமே ஒட்டுப் போடாமல், அதைக் குறித்து எழுதி அனுப்புவதுதான் முறை.

கேள்வி: ஆற்காட்டில் கல்லூரி மாணவன், என்.சி.சி. கேடட். முகாமில் காட்டும் படங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. வேகமாகப் பேசுவதால் பாதி புரிவதில்லை. இதைப் பயிற்றுநரிடம் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. சாவ்தான், விஷ்ராம் போன்ற கட்டளைச் சொற்கள் இந்தியில் இருப்பதில் சிக்கல் இல்லை. அவை காதுக்கும் உடம்புக்கும் பழகிவிடும். விளக்கம் அப்படியில்லை. நான் கையாண்ட முறை இது: முதல் ஓட்டத்தில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, நானே தமிழில் விளக்குவேன். இரண்டாம் ஓட்டத்தில் ஒலியோடு போடுவேன். அப்போது மூல மொழிச் சொற்கள், ஏற்கெனவே தெரிந்த பொருளின்மேல் போய் உட்காரும். படையில் சேரப்போகிறவர்களுக்கு அந்தச் சொற்களும் வேண்டியவைதானே. இதற்குப் படம் ஓடும் நேரத்தைப் போல் இரு மடங்கு ஆகும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். புரியாத படத்தை ஒரே முறை ஓட்டினால் ஆகும் வீண் அதைவிடப் பெரியது. பயிற்றுநர் படத்தை முன்கூட்டியே இரண்டு முறையாவது பார்த்திருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். திரையில் வருவதை அப்போதைக்கப்போது பார்த்துப் பேசுகிறவர் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆகிவிடுவார்.

கேள்வி: போர்ப் படங்களையும் வீர வரலாற்றுப் படங்களையும் காட்டினால் இளைஞர்களுக்கு ஊக்கம் பிறக்கும் என்கிறார்கள். வேலூர்ப் புரட்சியைப் பற்றி அப்படி ஒரு படம் காட்ட விரும்புகிறோம். உங்கள் கருத்து? (காட்பாடி வாசகி)

பதில்: காட்டலாம், அம்மா. ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நான் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வாளர்கள், ஃபிராங்க் காப்ரா 1942 முதல் 1945 வரை அமெரிக்கப் படையினருக்காக உருவாக்கிய ஏழு படங்கள் கொண்ட வரிசையில் சிலவற்றையும் சோதித்தார்கள். நாம் ஏன் போரிடுகிறோம் என்று விளக்குவதற்காகவே எடுக்கப்பட்ட படங்கள் அவை. பார்த்தவர்களின் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. சில செய்திகளில் கருத்தும் மாறியிருந்தது. போரிடும் ஆர்வத்தில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. ஊக்கம் என்பது கூட இருக்கும் தோழனைப் பார்த்தும், முன்னால் நடக்கும் தலைவனைப் பார்த்தும் வருவது என்பது என் சொந்த அனுபவம்.

வேலூரில் இருக்கும் உங்களுக்குப் படத்தைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. நடந்த இடமே கண்ணெதிரில் இருக்கிறது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தது இந்தக் கோட்டைக்குள்தான். தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையையும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையையும் சகியாமல் எழுந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தைக் குதிரைப்படையோடு கடந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். படம் காட்டுவதானால் கதைப்பகுதியை விட்டுவிட்டு, கோட்டையின் அமைப்பைக் காட்டும் பகுதியை மட்டும் பத்து நிமிடம் காட்டுங்கள். பிறகு பிள்ளைகளை அழைத்துப் போய் அகழியோரமாக நடக்க விடுங்கள். வாயில் எது, மதில் எவ்வளவு உயரம், உள்ளே இருந்தவர்கள் வெளிப்புறத்தைக் காக்க எங்கெங்கே ஆள் நிறுத்தியிருக்க வேண்டும், ஆற்காட்டுச் சாலையில் யாரையாவது காவல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இடத்திலேயே நின்று விவாதிக்கட்டும். மக்கான் பகுதியில் உள்ள நினைவுத் தூணில் நடையை முடியுங்கள். படைக் கல்லூரிகளில் அதிகாரிகளுக்குப் போர்க்கள நடை என்ற பெயரில் கற்றுத்தருவது இதைத்தான்.

கேள்வி: பேரணாம்பட்டுப் பகுதியில் வெள்ள மீட்புக்குத் தன்னார்வலர்களைத் திரட்டுகிறோம். படங்களைக் கொண்டே பயிற்சி கொடுத்துவிட முடியுமா? எந்தப் பாடத்துக்குப் படம், எந்தப் பாடத்துக்கு நேரடிப் பயிற்சி என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: பயிற்றுநர்கள் கேட்க வேண்டிய சரியான கேள்வி. கண்ணால் நேரில் காட்ட முடியாதது எதுவோ, அதற்குத்தான் படம் வேண்டும். துப்பாக்கிக்குள் தோட்டா ஏறி, பூட்டி, வெடித்து, வெற்றுக் கூடு வெளியே வருவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. அதை மெதுவாக ஓட்டிக் காட்டப் படம் வேண்டும். குண்டு வெடிப்பது ஆபத்தானது. ஒரு படைப்பிரிவு முழுவதும் ஆற்றைக் கடப்பது பெரியது. இவற்றுக்கும் படம் வேண்டும். கையால் தொட்டுச் செய்யக்கூடியதற்குப் படம் வேண்டியதில்லை. முடிச்சுப் போடுவதைப் படத்தில் காட்டுகிற பயிற்றுநரிடம் கயிறு இல்லை என்றுதான் பொருள்.

வெள்ளம் முதல் வகையைச் சேர்ந்தது. பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியபோது யாரும் பயிற்சி நடத்திக்கொண்டிருக்கவில்லை. ஓடும் நீரின் மேற்பரப்பைப் பார்த்து அடியில் என்ன இருக்கிறது என்று கணிப்பது, தடுப்பணைக்குக் கீழே சுழலும் நீர் ஏன் ஆளை வெளியே விடாது என்பது, மீட்கப் போனவர் ஏன் தன்னைக் கயிற்றால் இறுகக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பது ஆகியவற்றைப் படத்தில் காட்டுங்கள். கயிறு எறிவதையும், மிதவை உடுப்பை மாட்டுவதையும், தூக்குக் கட்டிலில் ஆளைக் கட்டித் தூக்குவதையும் வறண்ட ஆற்று மணலிலேயே நாற்பது ஐம்பது முறை செய்ய வையுங்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆம் பட்டாலியன் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் வழியாக எழுதிக் கேளுங்கள். படம் மட்டும் போதும் என்று கேட்காமல், அதை விளக்கத் தெரிந்த ஒருவரையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: இரவல் வாங்கிய படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? (ஆம்பூர் வாசகர்)

பதில்: சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்புங்கள். இன்று படம் பென் டிரைவில் வந்தாலும், அதை வைரஸ் சோதனை செய்யாமல் எந்தக் கணினியிலும் செருகாதீர்கள். வெளியார் பென் டிரைவைப் படை அலுவலகக் கணினியில் செருகவே விட மாட்டார்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லையென்றால் எடுக்காதீர்கள். கூடவே ஒரு தாளில், எந்தத் தேதியில் எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த நிமிடத்தில் ஒலி அறுந்தது, எந்தக் காட்சியில் பழைய ஆயுதமோ கைவிடப்பட்ட முறையோ காட்டப்படுகிறது என்று எழுதி வையுங்கள். அந்தச் சமையல் கூடப் படத்தோடு அப்படி ஒரு தாள் வந்திருந்தால், நான் அன்று முன்வரிசையைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.